ஈர மா

வட்டம் கீற நீதான் சரி என்று
சுண்ணாம்புப் பேணியைக் கையில் தந்தார் விதானையார்.
ஃபேன் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவன்
வட்டத்துக்கு வாத்தியார் என்பது அவர் நினைப்பு.
பழுகாமத்துப் பள்ளிக்கூட மைதானத்தில்
வெள்ளம் விட்டுவைத்த மேடு
ஒரு வலைப்பந்துத் திடல் அளவு.
வட்டம் கீறி, உள்ளே அந்த ஆங்கில எழுத்தையும் கீறினேன்:
ஒரே ஒரு படி வைத்த ஏணி.

கெலி என்றுதான் அதைச் சொல்வோம்.
பெருந்தீனி கேட்கிற ஆசைக்கும் எங்களிடம் அதே சொல்.
தொண்ணூறில் அது வட்டைக்கு மேலே சுற்றின நாட்களில்
முந்திரிக்குக் கீழே முகம் புதைத்துக் கிடந்தவன் நான்.
வாயெல்லாம் மண்.
இறகு காற்றை வெட்டும் சத்தத்தை எண்ணப் பார்த்தேன்,
எண்ணுக்குப் பிடிபடவில்லை.

பிறகு, கடை போட்ட வருசம், ஒரு மத்தியானம்
கூரையில் பூட்டாத ஃபேனைக் கையில் தூக்கி
கரண்ட் கொடுத்தேன்.
இறகு ஒரு பக்கம் கிறுக
மோட்டார் மறுபக்கம் கிறுகி மணிக்கட்டை முறுக்கியது.
கெலிக்குக் கூரையுமில்லை, பிடிக்க ஆளுமில்லை.
அதுதான் வாலில் ஒரு குட்டிக் காற்றாடி
பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கிறது,
கிறுகாதே, கிறுகாதே என்று.

நூறு வருசத்துக்கு முந்தி பிரான்சில்
ஒன்றை முதன்முதல் எழுப்பினபோது
இரண்டடி உயரந்தானாம்.
நாலு மூலையிலும் நாலு பேர்
தடியால் தாங்கிக்கொண்டு நின்றார்களாம்.
அது பறந்ததா, இவர்கள் தூக்கினதா,
அந்த நாலு பேருக்கும் தெரிந்திராது.

வந்தது.
சத்தம் முதலில் வயிற்றில்தான் இறங்கியது.
ஏழாம் வகுப்பில் பாய் விரித்திருந்த பூரணத்தக்கா
மேசைக்குக் கீழே போய்விட்டா.
சாப்பாடு கொண்டு வருகுதக்கா, வெளியே வாங்க என்றேன்.
'அது சத்தத்துக்குத் தெரியுமா?' என்றா.

சாய்ந்த பக்கம் நகர்ந்து,
இறகின் சரிவைக் குறைத்துக் குறைத்து
பிடித்த காற்றைக் கொஞ்சங் கொஞ்சமாய்க் கைவிட்டு
குந்தியது என் ஏணியின் மேல்.
குந்தும் முன்பே சுண்ணாம்பு பறந்து
எல்லாரும் நரைத்துப்போனோம்.

இரட்டைப்பிள்ளை வயிற்றோடு சுரேகாவை
பாயின் நாலு மூலையிலும் நாலு பேர்
பிடித்துக்கொண்டு ஓடினோம்.
காதுமூடி போட்ட பொடியன் ஒருவன்
சிங்களத்தில் எதையோ கத்தி
என் தலையை அழுத்திக் குனிய வைத்தான்.
மேலே இறகு.
முன்பு இந்தத் தலையை அழுத்தின கைகள் வேறு.
வித்தியாசம் பிடிபட உடம்புக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மூன்று மணிக்கு இன்னொன்று வருமாம்.
பேணியில் சுண்ணாம்பு இல்லை.
இறக்கும்போதே வெள்ளத்தில் விழுந்த
கோதுமை மா மூட்டை ஒன்று கிடந்தது.

'தின்னுற மாவால ஆராவது கோடு கீறுவாங்களா?'
ஏசிக்கொண்டே மேசைக்கடியில் இருந்து வந்தா பூரணத்தக்கா.
வாளியில் தண்ணி அளந்து
கட்டியில்லாமல் கரைத்துத் தந்தவவும் அவதான்.

ஈர மா.
பறக்காது.