ஏழாண்டு உத்தரவாதம்

வரைபடத்தை விரிக்க மேசை போதவில்லை.
கிளமெண்டி காப்பிக் கடையில்
கோப்பைகளை நாற்காலிக்கு இறக்கினோம்.
கலிமந்தானின் கிழக்கே
யாரோ அவிழ்க்க மறந்த கயிறுபோல்
சுருண்டு கிடந்தது ஆறு.

"இதுவரைக்கும் விசைப்படகு,
இதற்கு மேல் நாம்தான்" என்றான் எங் சூன்.
நாம்தான் என்றபோது அவன் விரல்
ஆற்றைவிட்டு விலகிக்
காட்டுக்குள் போய்விட்டது.
யாரும் திருத்தவில்லை.

சுண்ணாம்புக் குன்றுகளின் வயிற்றில்
கைகள் இருக்கின்றன.
பாறைமேல் உள்ளங்கையை வைத்து
வாயால் செங்காவி ஊதிவிட்டுக்
கையை எடுத்துக்கொண்டு போனவர்கள்
விட்டுச்சென்ற வெற்றிடம்.
நாற்பதாயிரம் ஆண்டு என்கிறார்கள்.

நான் வெளிச்சுவர்ப் பூச்சு விற்பவள்.
வீவக புளோக்குகளுக்கு
ஏழாண்டு உத்தரவாதம் எழுதிக் கையெழுத்திடுவேன்.
பாசி, உப்புக்காற்று, பக்கவாட்டில் அடிக்கும் மழை,
எல்லாவற்றுக்கும் பொடி எழுத்தில் விலக்கு உண்டு.
நாற்பதாயிரத்தை ஏழால் வகுத்துப் பார்த்தேன்.
புள்ளிக்குப் பின்னும்
நிற்காமல் போய்க்கொண்டிருந்தது கைப்பேசி.

பட்டியல் ஹயாத்தியின் பொறுப்பு.
பலதுறை மருந்தகத்துத் தாதி அவள்,
எதையும் மும்முறை எண்ணுவாள்.
அரிசி, நெத்திலி, இஞ்சி மிட்டாய்.
அட்டைக்கு உப்பு. காய்ச்சலுக்கு மாத்திரை.
நனையாப் பைகள் ஆறு.
தலைவிளக்கு நான்கு என்று எழுதியவள்
புதன்கிழமை அதை மூன்றாக்கினாள்.

அருட்செல்வனுக்குப் படைமுகாம் அழைப்பு,
நாங்கள் புறப்படும் அதே வாரம்.
'நானும் காட்டுக்குத்தான் போறேன்,
லிம் சூ காங்' என்று செய்தி அனுப்பினான்,
கூடவே அழும் முகம் இரண்டு.

இரண்டு படகுக்கு மூன்று பேர்.
பண்டான் நீர்த்தேக்கத்தில் ஞாயிறு காலைகளில்
கவிழ்ந்து கவிழ்ந்து பழகினோம்.
தனியாய்ப் போகும் படகு
காற்றடித்தால் மூக்கைத் திருப்பிக்கொள்கிறது,
கோபித்துக்கொண்ட விருந்தாளி மாதிரி.
கரையோரம் மெதுவோட்டம் ஓடியவர்கள்
எங்களை எண்ணிப் பார்த்தார்கள்,
எத்தனை பேர் மேலே வருகிறோம் என்று.

முர்ஷிதைக் கேட்டேன்.
பதினாறாம் மாடிக்கு வெளியே
கயிற்றில் தொங்கி எங்கள் பூச்சை அடிப்பவர்,
பத்மா ஆற்றில் துடுப்போடு வளர்ந்தவர்.
மதிய உணவுப் பொட்டலத்தை மடித்தபடி
"கை பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று சிரித்தார்.
விடுப்பு கிடையாது, அது இருவருக்கும் தெரியும்.
பிறகு, கொச்சைத் தமிழில், தணிந்த குரலில்:
"ஒவ்வொரு பிளாக்கிலயும் ஒரு கை வைப்பேன், அக்கா.
மேலே, தண்ணித்தொட்டி பின்னால.
லாஸ்ட் கோட்டுக்கு முன்னாடி.
மேல உங்க பெயிண்ட் வந்துடும்."

குறைபாட்டு அறிக்கையில் எழுதவேண்டிய செய்தி.
ஒட்டுதிறன், மேற்பரப்பு மாசு:
கட்டங்கள்கூடத் தயாராய் இருக்கின்றன.
எழுதவில்லை.
அன்று மாலை எம்ஆர்டியில் வரும்போது
வெள்ளையும் வெளிர்ப் பச்சையுமாய் நகர்ந்த
கட்டடங்களின் உச்சியை மட்டும் பார்த்தபடி
இறங்கவேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

இப்போது நடு அறையில் தராசு.
ஆளுக்குப் பதினைந்து கிலோ, அதற்கு மேல்
ஒரு சீப்புகூடக் கூடாது என்பது ஹயாத்தியின் சட்டம்.
என் பையிலிருந்து அவள் வெளியே எடுத்தது
எங்கள் நிறுவனத்து நிற விசிறி,
ஆயிரத்து நானூறு பட்டை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
"இது எதுக்கு?"
அந்தச் சிவப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க என்றேன்.
"இதில் இல்லாவிட்டால்?"

பதில் சொல்லவில்லை.
இரண்டாவது காலுறையை எடுத்து வெளியே போட்டேன்.
எங் சூன் அழைத்தான்:
ஆற்றில் தண்ணீர் ஏறுகிறதாம்,
தேதியைப் பென்சிலில் எழுது என்றான்.