அணைத்த பிறகு

அணைத்த பிறகும் மினுங்கியது,
மூன்று நொடிக்கு ஒரு தடவை,
தார்த்து நகரில், ஐந்தாம் மாடியில்,
டிசம்பர் இருட்டில்.

மாரெ பல்பை மாற்றினாள்.
இரண்டு யூரோ பல்பு போய்
ஒன்பது யூரோ பல்பு வந்தது.
அதுவும் கண்ணடித்தது.

கீழ்வீட்டு ரைவோ, பஸ் டிப்போ எலக்ட்ரீஷியன்,
பல்பை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
"சுவிட்சில் இருக்கிறதே செம்மஞ்சள் பொட்டு,
இருட்டில் இடம் தெரிய வைத்தது,
அதன் வழியே கசிகிறது.
பழைய குண்டு பல்புக்கு உறைக்காது.
எல்.இ.டி. சொட்டுச் சொட்டாய்ச் சேர்த்துவைக்கும்,
நிரம்பினால் ஒரு மினுக்கு.
வெட்டிவிடட்டுமா?"

மாட்டியவன் ஆண்ட்ரெஸ்.
இரவு ஷிப்ட் முடிந்து வந்தால்
தடுமாறக் கூடாதென்று.
இப்போது அவன் தடவுவது
பின்லாந்தில் யார் வீட்டுச் சுவரையோ.

"வெட்டு."

மெயினை இறக்கி,
செல்போன் வெளிச்சத்தில்,
நறுக்.
மிளகளவு கண்ணாடிக் குமிழ்
அவள் உள்ளங்கையில்.

அன்றிரவு இருட்டு இருட்டாகவே இருந்தது.
நன்றாகத் தூங்கினாள்.

காலை ஏழு மணி, விடியவில்லை.
சுவரில் கையை ஓட்டினாள்.
காலண்டர். கோட்டு மாட்டும் ஆணி.
வெறும் சுவர்.
இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.