நூற்று முப்பத்தெட்டுக்கு மேல் போகாதே

என்று அவன் கையெழுத்தில்
ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது ஒரு தாள்.
மேஜையும் நாயும் அவனோடு போயின.
இது மட்டும் தங்கிவிட்டது, எண்ணெய்க் கறையோடு.

இதயத்துடிப்பைத்தான் சொல்கிறான்.
கல்யாணத்துக்கும் சொல்லியிருக்கலாம்.

ஏழு மாதம்.
அரெசிஃபேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் எனக்கு இரவுப்பணி.
பம்புகளின் இரைச்சல் காதைவிட்டு இறங்குவதற்குள்
சாமான் அறையில் பூட்டி நிறுத்திய சைக்கிளில்
இரண்டு மணி நேரம்
எங்கும் போகாமல் மிதித்தேன்.
ஞாயிறுகளில் ஓட்டம், மெதுவாக.
எவ்வளவு மெதுவாக என்றால்
குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு போன ஒருத்தி
என்னை முந்திவிட்டு மன்னிப்புக் கேட்டாள்.
தசை வளர்ப்பது பெரிய காரியமில்லை.
வெட்கத்தைத் தேய்ப்பதுதான் நாளாகிறது.

போட்டியன்று விடிகருக்கலில்
கறுப்பு ரப்பர்த் தோலுக்குள் ஆயிரம் பேர்,
லான்சரோத்தேயின் குளிர்ந்த கடல்.
முதல் மிதவையில் யாரோ கன்னத்தில் உதைத்தார்.
கோபம் நூற்று ஐம்பத்தொன்று.
மூச்சை எண்ணினேன், நீட்டினேன்,
அடுத்த மிதவையில் கோபத்தைக் கட்டிப்போட்டுவிட்டு வந்தேன்.

பிறகு காற்று.
இந்தத் தீவில் அது விருந்தாளி இல்லை, வீட்டுக்காரன்.
மல்லுக்கட்டியவர்களை மதியத்துக்குமேல்
சாலையோரக் கற்களில் உட்கார்ந்திருக்கப் பார்க்கலாம்.
எரிமலைச் சாம்பலில் குழி,
குழிக்கு ஒரு கொடி,
கொடிக்கு ஒரு அரைவட்டக் கல்சுவர்:
திராட்சை இங்கே குனிந்துதான் பழுக்கிறது.
நானும் குனிந்தேன்.
இருபது நிமிடத்துக்கு ஒரு மடக்கு ஜெல், பசிக்குமுன்.
தாகம் வருமுன் தண்ணீர்.
கெஞ்சவிட்டுக் கொடுத்தால் வாங்காது வயிறு,
அதற்கும் ரோஷம் உண்டு.

ஆரியா ஏற்றத்தில் என்னைத் தாண்டினான் எசெடெய்.
முந்திரிக்கொட்டை.
பெடலில் எழுந்து நின்று, பல்லெல்லாம் தெரிய,
"குவாசிமாரா, வா, வா!"
போ என்றது தொடை.
கைப்பிடியில் ஒட்டியிருந்த அவன் கையெழுத்து
போகாதே என்றது.
பதின்மூன்று வருடத்தில் அவன் பேச்சை நான் கேட்டது
அன்று ஒருமுறைதான்.
கேட்டதனால் அவனைப் போகவிட்டேன்.

இறங்கி, காலணி மாற்றி,
தாளைப் பிய்த்துத் தொப்பிக்குள் செருகிக்கொண்டேன்.
நாற்பத்திரண்டு கிலோமீட்டர், கடற்கரைச் சாலை.
முதல் பத்தில் எல்லாரும் நல்லவர்கள்,
அடுத்தவர் பெயரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள்.
இருபதில் பேச்சு நின்றுவிடும்.
அதற்கப்புறம் வசூல்.
காலையில் ஏற்றத்தில் வாங்கிய கடனுக்கு
மாலையில் கந்துவட்டி கேட்டு வருகிறது ரத்தம்.

முப்பத்தொன்றில்,
பச்சைக் கதவு மருந்துக்கடையின் வெள்ளைச் சுவரடியில்
அவன்.
காலணி ஒருபக்கம், கால் ஒருபக்கம்.
சட்டையில் உப்பு கோடுகோடாகப் பூத்திருந்தது.

நிற்காதே, நின்றால் முழங்கால் பூட்டிக்கொள்ளும்:
அதுவும் அந்தத் தாளில் இருக்கிறது,
கீழே, சின்ன எழுத்தில்.
நின்றேன்.
இரண்டு உப்பு மாத்திரை,
வாயு போன அரைக் குவளை கோலா.
குடித்தான். நன்றி சொல்லவில்லை.
என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைத் திருப்பினான்.
நூற்று நாற்பத்துநான்கு.
"அதிகம்" என்றான்.

நின்றுகொண்டுதான் இருக்கிறேன் என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த விளக்குக்கம்பம்வரை நடந்தேன்.
அதற்கடுத்ததிலிருந்து ஓட வந்தது.
பின்னால் பார்த்தால் நேரம் போகும்.
பார்த்தேன்.
ஒரு காலணியை மாட்டிவிட்டு
இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தான்.