நாலு விரல்

தேர்தல் முடிந்த பதினோராம் நாள்
சாயல்குடி ஸ்டேஷனில்
அவர் கையெழுத்துப் போட்டார், நான் தூக்கிவந்தேன்.
பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி
சாக்குக்குள்ள என்ன, கடப்பாரையா என்றாள்.
ஆமாம் என்றேன். கனம் அதே கனம்தான்.

மதுரையில் கண்புரை எடுத்து ஒன்பது நாள்.
குனியக்கூடாது, தும்மக்கூடாது,
தலைக்கு ஊற்றக்கூடாது.
ஒரு கண்ணில் பச்சைத்துணி தொங்க
நார்க்கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பூவலிங்கத்துக்கு
வாய்க்கு மட்டும் பத்தியம் சொல்லவில்லை டாக்டர்.

"கேப்பு இருக்கான்னு பாரு மொதல்ல."
இல்லை.
"குதிரையப் பாதியில நிறுத்து."
நிறுத்தினேன்.
"வாய்க்கு நேரா மூஞ்சியக் கொண்டு போகாத."
முப்பத்தோரு வருசம் உம்ம வாய்க்கு நேராக
நின்றவள் நான்.

நரிப்பையூர்க் காற்று
ஆணியைத் தின்னும், சன்னல் கம்பியைத் தின்னும்,
சைக்கிள் மணியை ஊமையாக்கும்.
ஸ்டேஷன் காற்றும் அதன் பங்காளிதான்.
குழல்வாயில் விரலை விட்டால்
புற்றுமண்போலச் சிவப்பாக ஒட்டியது.

கெஜக்கோலை உள்ளே விட்டேன்.
கோலில் ஒரு வெட்டு உண்டு, அரத்தால் அவர் போட்டது.
குழல் காலியென்றால்
வெட்டு வாயோடு வாயாக நிற்கும்.
நின்றது
நாலு விரல் மேலே.

மறுபடி விட்டேன்.
நாலு விரல்.
கட்டில் கிறீச்சிடவில்லை.

கெட்டித்த மருந்தோடு ஒப்படைத்திருக்கிறார் மனுசன்.
ரைட்டர் நாற்காலிக்குப் பின்னால்,
வருகிறவன் போகிறவன் எல்லாம் டீ குடித்த சுவரோரம்,
அறுபத்திரண்டு நாள்
வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறது இது.

"தை மாசம் பன்னிக்குப் போட்டது.
அன்னைக்கின்னு அது கெழங்குப் பாத்திக்கு வரல."

மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும்
தண்ணீர் விட்டு ஓர் இரவு நிறுத்திவைத்தேன்.
நனைந்த மருந்து நல்ல மருந்து.

விடிந்ததும் கோல் நுனியில் புரியாணியை மாட்டித்
திருகித் திருகி இழுத்தேன்.
முதலில் பன்னாடை நார்.
குழலைச் சட்டியில் கவிழ்த்தால் ரவை,
கொத்தமல்லி கொட்டுகிற சத்தம்.
அதற்கும் அடியில்
காகிதம், சின்னதாக, நிறைய மடிப்பாக.

விரித்தேன்.
கூட்டுறவு வங்கி. நகைக்கடன்.
மூன்றேகால் பவுன், என் சங்கிலி.
எலி தூக்கிட்டுப் போயிருச்சு என்று
ஐயனார்மேல் அடித்த சத்தியம்.
வீடெங்கும் பொறி வைத்தேனே அதற்காக,
மூன்று எலி செத்தது,
மூன்றும் நிரபராதி.

திறந்திருந்த கண் வேலியைப் பார்த்தது.
"கரண்டு இல்ல அன்னைக்கு.
கைக்கு ஆம்பிட்ட காயிதம்."

வெந்நீர் கொதித்துவிட்டது, எழுந்துபோனேன்.

புனல் வைத்து ஊற்ற
முதல் தண்ணீர் கறுப்பு, கூமுட்டை நாற்றம்.
இரண்டாவது வரக்காப்பி.
மூன்றாவது கழுநீர்.
கடலுப்பு வெளியிலிருந்து தின்கிறது,
வெடியுப்பு உள்ளேயிருந்து.
இரும்புக்கு இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள்.

அவருடைய பழைய வேட்டியைக் கிழித்தேன்,
நல்ல வேட்டியையும் கொஞ்சம்.
கோலில் சுற்றி இறக்கி, ஏற்றி, இறக்கி,
தோள்பட்டை கழன்றது.
பதின்மூன்றாவது துணி
போன வெள்ளையிலேயே திரும்பி வந்தது.
சூடு ஆறுமுன் தையல் மிஷின் எண்ணெய்.

மூக்கையூர்க்காரன் வலையில் கட்டுகிற
பொடி லைட் ஒன்றை உள்ளே போட்டு
எட்டிப் பார்த்தேன், இப்போது பார்க்கலாம்.
வழவழவென்று வட்டம், வட்டத்துக்குள் வட்டம்.
அடியில் மட்டும் அம்மைத் தழும்பாக மூன்று குழி.
அது எந்தத் துணிக்கும் போகாது.

லைட்டைக் கொட்டிவிட்டுக் கோலை விட்டேன்.
வெட்டு வாயோடு வாயாக.
"சரியா இருக்கா?" என்றார்.
இரண்டில் எதைக் கேட்டாரோ.

கொடியில் காய்கிறது சீட்டு.
கணக்கு எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்
ரவை பதிந்து குழிந்திருக்கிறது.
திங்கட்கிழமை வங்கியில் கேட்பார்கள்,
என்னம்மா இது என்று.
எலி என்றுதான் சொல்லப்போகிறேன்.