மிஸ்டு கால்

ஒரு ரிங் என்றால் கூட்ஸ் வருகிறது.
இரண்டு என்றால் போய்விட்டது.
எடுக்கக் கூடாது. அதுதான் ஒப்பந்தம்.

கொருக்குப்பேட்டை கேட்டில் எனக்கு ராத்திரி டூட்டி.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில்
பீரோவுக்குள் தலையை விட்டுப் பாடுவாள் சுகிர்தா.
புடவைகள் எதிரொலியைக் குடித்துவிடுமாம்.
கல்யாணப் பட்டு நன்றாகக் குடிக்கும்,
நைலக்ஸ் சுத்த மோசம் என்பாள்.

கம்ப்யூட்டர், பர்மா பஜாரில் அரை விலைக்கு.
மைக், வண்ணாரப்பேட்டை சேட்டிடம் வளையல் வைத்து.
பகலில் அவள் தொண்டை வாடகைக்குப் போகும்:
வார்டு தேர்தலில் இரண்டு கட்சிக்கும் ஒரே மெட்டு,
காசிமேட்டில் ஐஸ் கம்பெனி திறப்பு விழா,
யார் வீட்டுப் பெண்ணுக்கோ மஞ்சள் நீராட்டு.
கோடம்பாக்கத்தில் ஒருவருக்கு
ஒன்பது வருஷம் தாளம் அடுக்கிக் கொடுத்தாள்.

அந்தப் படம் ஓடிய தியேட்டரில்
லைட் போட்ட பிறகும் உட்கார்ந்திருந்தோம்.
டிரைவர்கள் பெயர் வந்தது.
டீ வாங்கி வந்தவர் பெயரும் வந்தது.
"என் பேரு வேகமாப் போயிட்ச்சா எல்லப்பா?"
இருட்டில் ஐம்பத்தெட்டு வேகன் எண்ணுகிறவன் நான்.
அவள் பெயர் அதில் இல்லை.

அப்புறம்தான் சொந்தமாக ஒன்று.
கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதியிருந்தாள்:
லாரித் தண்ணி வர்ற நேரம்
தெருவே ஒரு கொடமாச்சு.

அன்றைக்கு நான் தூங்கிவிட்டேன்.
மறைக்க ஒன்றுமில்லை, டபுள் டூட்டி.
இரண்டாம் சரணத்தின் நடுவில்
மணலியிலிருந்து வந்த டேங்கர் வண்டி
பீரோ, புடவை, அவள் மூச்சு
எல்லாவற்றின் மேலும் ஏறிப் போனது.
மூணு மணிக்கு கேட்டாண்ட வந்து
அவள் திட்டியதை எழுத முடியாது.

விடியும்போது திரும்ப வந்தாள். பல்கூட விளக்கவில்லை.
"ஹாரன் பஞ்சமத்துக்குப் பக்கத்துல நிக்குதுடா.
பாட்ட அரைக் கட்டை ஏத்திட்டேன்.
இப்ப கரெக்டா போய் உக்காருது."

ஷேர் ஆட்டோவில் கேட்டேன் அந்தப் பாட்டை.
மீன் வண்டியில் கேட்டேன்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில்
ஒரு பையன் ஹாரனை மட்டும் வாயால் ஊதிக்கொண்டு போனான்.
எழுத்து, இசை, குரல் எல்லாம் சுகிர்தா.
கீழே சின்ன எழுத்தில்: ரயில், எல்லப்பன்.
ஆபீசில் மெமோ கொடுத்தார்கள்.
ரயில் என்னுடையது இல்லை,
நான் கேட் மட்டும் மூடுகிறேன்
என்று எழுதிக் கொடுத்தேன்.

வளசரவாக்கத்தில் பஞ்சு ஒட்டிய அறை எடுத்தாள்.
ஒருமுறை உள்ளே உட்கார்ந்தேன்.
என் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது, பயந்துவிட்டேன்.
அந்த அறைக்கு வாடகை பாக்கி நின்ற மாதம்
ஹாரனை ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்கு விற்றாள்.
எனக்கும் எட்டாயிரம் அனுப்பினாள்.
வாங்கிக்கொண்டேன்.

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு
குரல் படி இறங்கிவிட்டது, திரும்பி ஏறவில்லை.
புதுப் பிள்ளைகளைப் பாட வைத்தாள்.
தன் பாட்டுகளை இரண்டு கட்டை இறக்கி
தானே மறுபடி பாடினாள்.
ஹாரனையும் இறக்கலாம், ஒரு பட்டன்தான்.
இறக்கவில்லை.
இப்போது அது பாட்டோடு ஒட்டாமல்
பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி உரசிக்கொண்டு போகிறது.
நிறையப் பேர் குறை சொன்னார்கள்.
எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது;
வண்டி அன்றைக்கு அப்படித்தானே வந்தது.

என்னை அத்திப்பட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.
நேற்று ராத்திரி இரண்டே முக்கால்,
கை சும்மா இருக்காமல் ஒரு ரிங் கொடுத்தேன்.

எடுத்துவிட்டாள்.

"இன்னா வண்டி?"
அந்தக் கரகரப்பு.
"நிலக்கரி."
"எத்தினி வேகன்?"
"எண்ணிட்டிருக்கேன். வை."