குறிப்பெடுப்பவள்

எனக்கு ஓட்டு இல்லை.
கருத்தும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.
தண்ணீர்க் குடுவைக்குப் பக்கத்தில்
ஒரு நாற்காலி உண்டு.

வடக்கு டகோட்டாவில் அக்டோபர்.
பள்ளி ஜிம்மில், கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே
வாரிய உறுப்பினர்கள் ஏழு பேர்.
வெளியே சர்க்கரை பீட் ஏற்றிய லாரிகள்
ராத்திரி முழுக்க ஓடும்; ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் அதிரும்.

பேச வருகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம்.
முட்டை அவிக்க வைத்திருக்கும் கடிகாரத்தை
என் வீட்டிலிருந்துதான் எடுத்துவருகிறேன்.

ஏழாவதாக எழுந்தார் வெர்லின் ஹவுக்.
தொப்பியைக் கழற்றினார்.
நெற்றியில் பாதி, வெயிலே பார்க்காத வெள்ளை.
பத்தாம் வகுப்பில் ரெனே பெர்ட்ஷ் நடத்தும் நாவல்
கையில் இருந்தது.
புத்தகத்தை முழுதாகப் படித்தீர்களா என்று
புகார்ப் படிவத்தில் ஒரு கேள்வி வரும்.
'தேவைப்பட்ட அளவு' என்று எழுதியிருந்தார்.
கோப்பில் வைத்தவள் நான்.

"சொல்லுக்குச் சொல் பதிவாக வேண்டும்,
பிறகு யாரும் மறுக்கக் கூடாது" என்றார் என்னைப் பார்த்து.
பக்கம் நூற்றுப் பதின்மூன்று.

ஒரு பையன். ஒரு கொட்டகை.
அப்பாவின் பெல்ட் மறுபடி ஆணிக்குப் போய்விட்டது.
பையன் குதிரையிடம் பேசுகிறான்,
வசை வசையாக.
ஒவ்வொரு வசைக்கும் வெர்லின் ஒரு விரல் மடக்கினார்.
ஐந்தாவதில் கை முஷ்டியானது.
அதை அவரே ஒருதரம் பார்த்தார்.
ஆறிலிருந்து எண்ணவில்லை.
குரல் மட்டும் இறங்கிக்கொண்டே போனது,
யாரோ பக்கத்து அறையில் தூங்குவதுபோல.

"அம்மா கொட்டகை வாசலுக்கு வந்து..."

மணி அடித்தது.

நான்குக்கு மூன்று.
இருபத்தெட்டுப் பிரதிகளும் பெட்டிக்குள்;
ஆர்லன் டேப் ஒட்டினான், குறுக்கும் நெடுக்கும்,
ஏதோ தப்பித்துவிடும் என்பதுபோல.

குறிப்பிலிருந்து அந்த வார்த்தைகளை எடுத்துவிடு
என்றார் தலைவி க்வெண்டா.
வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.
பொதுக்கூட்டத்தில் வாசித்தது பொதுப்பதிவு,
அதுவும் வாசித்தவரே கேட்டிருக்கிறார்.
எடுக்க முடியாது.

ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பியானோ வாசிக்கும் விரல்கள் இவை.
பதினோரு வார்த்தைகளையும் அடித்தன.
ஒன்றில் எழுத்துப்பிழை.
அகராதியை எடுத்துத் திருத்தினேன், அகராதியில் இருந்தது.

சட்டப்படி ஒரு பிரதி அறிவிப்புப் பலகையில்.
பலகை இருப்பது சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகும் வழியில்.
செவ்வாய்க்கிழமை நடைபாதையில் நெரிசல்.
புதன்கிழமை தாளின் கீழ்முனை அழுக்கேறிவிட்டது.

நகல் வேண்டுமென்றால் பக்கத்துக்கு இருபத்தைந்து சென்ட்.
டக்கர் ஆஸ்பி வந்தான், பத்தாம் வகுப்பு,
காசை மேஜையில் வைத்து, பொதுப்பதிவு ஒன்று வேண்டும் என்றான்
வங்கிக்கு வந்தவன் மாதிரி.
அங்கேயே நின்று படித்தான்.
காது மடல் சிவந்தது; வசைகளுக்கு அல்ல,
அவை அவனுக்குப் பழக்கம்.

"அம்மா வாசலுக்கு வந்து?
அப்புறம்?"

"மணி அடித்துவிட்டது" என்றேன்.

என்ன ஒரு பதில்.
வெள்ளிக்கிழமைக்குள் பதினான்கு பேருக்கு
அதையே சொன்னேன்.
ராத்திரி படுக்கையில் அம்மாவை நான் உள்ளே விட்டேன்.
பெல்ட்டை எடுத்து அடுப்பில் போட்டாள்.
இன்னொரு ராத்திரி, ஒன்றும் பேசாமல்
வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
இரண்டாவதுதான் நிஜம்போல் இருந்தது,
அதனால் விளக்கைப் போட்டுவிட்டேன்.

நவம்பர் கூட்டத்துக்குப் பெயர்ப்பட்டியல் வந்திருக்கிறது.
முதல் வரி: ரெனே பெர்ட்ஷ்.
பொருள்: ஒரு வாக்கியத்தை முடிக்க வேண்டும்.

கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துப் பார்த்தேன்.
குளிர் நாட்களில் அது மூன்று நிமிடத்தை
நான்காக ஓட்டும்.
பழுது பார்க்கக் கொடுக்கவில்லை.

இரண்டாம் வரியில் பென்சில் எழுத்து,
அழுத்தி எழுதி, அழித்து, மறுபடி எழுதியது:
வெர்லின் ஹவுக்.
பொருள் என்ற கட்டம் காலி.

காலி என்றே
தட்டச்சு செய்தேன்.