எத்தனை மாடி

நிற்காமல் எத்தனை மாடி ஏறுவீர்கள்?
படிவத்தின் ஏழாவது கேள்வி.
அன்சோர் சிரித்தார்.
திபிலிசியின் வடக்கே, க்ல்தானிப் பக்கம்,
காசு போட்டால்தான் மேலே போகும்
பழைய லிஃப்ட்டுகளைப் பழுதுபார்ப்பவர்.
"அது ஓடாத நாளில்தானே டாக்டர்
என்னைக் கூப்பிடுகிறார்கள்."
ஒன்பது என்று எழுதினேன்.

வயது அறுபத்தெட்டு. புகை நாற்பது வருஷம்.
ரத்தத்தில் புரதம் கொஞ்சம் கம்மி.
கைப்பிடியின் பலம் பார்க்கும் கருவியில்
முள் என் கணக்கைத் தாண்டிப் போய் நின்றது.
எல்லாவற்றையும் கணினிக்கு ஊட்டினேன்.
குடலின் தையல் கசிய, நூற்றில் ஒன்பது.
நெஞ்சில் சளி கட்ட, பதினான்கு.
வீடு திரும்ப எட்டு நாள்.

நூறு அன்சோர்கள் படுத்திருந்தால்
அது நல்ல கணக்குத்தான்.
மூன்றாம் கட்டிலில் ஒருவர்தான் இருந்தார்.

மறுநாளே எழுந்து உட்கார்ந்தார்.
மூச்சை இழுக்க, குழாய்க்குள்
நீலப் பந்துகள் எழுந்தன.
"மூன்றாவது மாடியில் சிக்கிக்கொள்கிறது" என்றார்.
காற்றுப் பிரிந்ததா என்று
பெரிய டாக்டர் தினமும் கேட்டார்.
பிரிந்த அன்று வார்டே கைதட்டியது.
சுவருக்கு அப்பால் ஆஸ்பத்திரி லிஃப்ட்
இரவெல்லாம் கடகடக்கும்;
ஒவ்வொரு தடவையும் அதன் தாயாரை இழுத்துத் திட்டுவார்.

நான்காம் இரவு, மூன்று பத்துக்கு,
நர்ஸ் சியாலா அழைத்தாள்.
காய்ச்சல் இல்லை. நாடி தொண்ணூற்றிரண்டு.
பிரஷர் சரி. சிறுநீர் சரி.
"அப்புறம்?"
"லிஃப்ட்டைத் திட்டவில்லை, டாக்டர்."

போனேன். வயிற்றை அழுத்தினேன். மெத்தென்றிருந்தது.
என்னைப் பார்த்தார், ஆனால்
வேறு யாரையோ பார்ப்பதுபோல.
திரும்பி வந்து
ஷூவைக் கழற்றாமல் தூங்கினேன்.

ஆறு மணிக்கு உடம்பு கொதித்தது.
எட்டு மணிக்கு மறுபடி திறந்தார்கள்.
அந்த ஒன்பதில் அவர் ஒருவர்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில்
மனைவி லமாரா பதினெட்டு நாள்.
ஒருநாள் நான் வாயைத் திறக்கும் முன்பே
கையை உயர்த்தினாள்:
"சதவீதம் வேண்டாம்.
இப்போது நான் ரொட்டி வாங்கக் கீழே போகலாமா,
அதை மட்டும் சொல்லுங்கள்."
போய்வாருங்கள் என்றேன்.
என் கணிப்புகளில் அது ஒன்று பலித்தது.

அவருடைய பழைய குறிப்பேட்டை
எத்தனையோ தடவை புரட்டிவிட்டேன்.
கட்டங்கள் எல்லாம் ஒழுங்காக நிரம்பியிருக்கின்றன.
ஓரத்தில், பென்சிலில், சியாலாவின் கையெழுத்து:
3.10. பேச்சு இல்லை.

அக்டோபரில் வந்தார்.
சட்டை தொளதொளத்தது. அதனடியில்
வயிற்றில் ஒட்டிய பை.
லிஃப்ட்டில் என்னோடு ஏறியவர்
சுவரில் உள்ளங்கையை வைத்தார்.
"குளிர்காலம் தாங்காது இந்தக் கயிறு.
எந்த நாய்ப்பயல் மாட்டினான்?"
எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அறையில் அதே படிவம். ஏழாவது கேள்வி.
வெகுநேரம் யோசித்தார்.
"இரண்டு. இரண்டாவதில் உட்கார்ந்துவிடுகிறேன்."
இரண்டு என்று எழுதினேன்.
அப்புறம் பென்சிலைத் தேடி எடுத்து
ஓரத்தில்:
லிஃப்ட்டைத் திட்டினார்.